கொடுங்கையூரில் நுண்துகளை அளக்க எந்த வழி?

கொடுங்கையூர், எழில் நகர், முத்தமிழ் நகர், எம்.கே.பி. நகர் பக்கம் குடியிருப்போர் நலச் சங்கம் கூடினால், தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று எதில் ஆரம்பித்தாலும் பேச்சு காற்றில்தான் வந்து நிற்கிறது. முந்நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் குப்பைக் கிடங்கு ஒரு பக்கம். வடக்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும். நடுவில் இரவு முழுக்க ஓடும் கன்டெய்னர் லாரிகள். இப்போது அந்தக் கிடங்கிலேயே நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கு மேல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள்.

இந்தச் சூழலில் "நாமே ஒரு மெஷின் வாங்கி வைத்து அளந்தால் என்ன?" என்று யாராவது கேட்பது இயல்பு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எந்த மெஷின் என்பதற்கு முன், அளந்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். காற்றை அளக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்வியைத் தீர்மானிக்காமல் கருவியை வாங்கினால், ஆறு மாதத்தில் அது யாரோ ஒருவர் மொட்டை மாடியில் மின்சாரம் இல்லாமல் தொங்கும்.

அளக்கப் போவது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள துகள்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை போவது இவைதான். எதையாவது எரித்தால் வருவதில் பெரும்பகுதி இந்த அளவுதான். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தர அளவின்படி, 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள்ளும், ஆண்டுச் சராசரி 40-க்குள்ளும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வழிகாட்டு அளவு 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5. நம் சட்டம் அனுமதிக்கும் ஆண்டு அளவு அதைப்போல எட்டு மடங்கு. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "தர அளவுக்குள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த அளவு என்று உடனே கேட்க வேண்டும்.

முதல் வழி கையில் இருப்பது: அரசு நிலையம்.

சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி ஆகிய இடங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையங்களும், மணலி கிராமம், ராயபுரம், அரும்பாக்கம், பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையங்களும் தொடர்ந்து அளக்கின்றன. கொடுங்கையூருக்கே ஒன்று இருப்பது நமக்குப் பெரிய வசதி. இந்த வகை நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது பீட்டா கதிர்க் கருவி. அது நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுத்து, தூசியை ஒரு கண்ணாடி இழை நாடாவில் படிய வைக்கும். கார்பன்-14 மூலத்திலிருந்து வரும் பீட்டா கதிர் அந்தப் படிவைத் தாண்டும்போது எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத் தூசியின் எடையைக் கணக்கிடும். மணிக்கு ஓர் எண் வரும். துகளின் நிறமோ வடிவமோ இந்த முறையை அதிகம் பாதிக்காது. காற்றை லேசாகச் சூடாக்கி உள்ளே விடுவதால் ஈரப்பதமும் பெரிதாகக் குழப்பாது.

செலவு இல்லை. எண்ணை யாரும் "உங்கள் மெஷின் தப்பு" என்று தள்ளிவிட முடியாது. மத்திய வாரியத்தின் இணையதளத்தில் மணிக்கணக்கான அளவுகளைத் தரவிறக்கலாம். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தும் வாங்கலாம்.

அப்புறம் ஏன் அது மட்டும் போதாது? பிரச்சினை நிலையத்தில் இல்லை, அதன் எண் நம்மிடம் வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் நாம் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு கடந்த 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 22 மணி நேரம் காற்றில் 30 மைக்ரோகிராம் இருக்கிறது. இரவு 11 மணியிலிருந்து 1 மணி வரை யாரோ ஒயர்களைக் கொளுத்தியதால் இரண்டு மணி நேரம் அது 300-க்கு ஏறுகிறது. 24 மணி நேரச் சராசரி 52.5. குறியீடு 90-க்குக் கீழே. செயலி பச்சை நிறத்தில் "திருப்திகரம்" என்று சொல்லும். அந்த இரண்டு மணி நேரம் ஆஸ்துமா உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த அம்மாவுக்கு அந்தச் சொல் எப்படி இருக்கும்? மணிக்கணக்கான எண்ணைப் பார்த்திருந்தால் அந்த ஏற்றம் தெரிந்திருக்கும். அதுவும் புகை நிலையம் இருக்கும் பக்கம் போயிருந்தால்தான். காற்று வேறு திசையில் அடித்திருந்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்துக்கு அந்த நெருப்பு நடந்ததே தெரியாது.

இன்னொரு சிக்கல், குறியீடு என்பது பி.எம். 2.5 மட்டும் அல்ல. பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்கள்), ஓசோன், கார்பன் மோனாக்சைடு என்று பலவற்றில் எது மோசமோ அதன் எண்தான் மேலே தெரியும். அதனால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் எண்ணைப் பாருங்கள். செயலிக்குச் செயலி எண் மாறுவதற்கும் காரணம் உண்டு. இந்தியக் கணக்கில் 60 மைக்ரோகிராம் என்றால் குறியீடு 100. அமெரிக்கக் கணக்கில் அதே காற்றுக்கு 150-க்கு மேல். இரண்டு செயலிகளை வைத்துக்கொண்டு கூட்டத்தில் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

ஒரே மூலத்தை நம்பியிருப்பதும் நல்லதல்ல. அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் பல ஆண்டுகளாக மணிக்கு மணி வெளியிட்டு வந்த பி.எம். 2.5 அளவு 2025 மார்ச்சில் நின்றுபோனது. அதையே சென்னையின் எண் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் கையில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வழிதான் பெரும்பாலான சங்கங்கள் கேட்பது: விலை குறைந்த லேசர் சென்சார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிக நன்மையும் அதிகக் குழப்பமும்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே ஒரு குட்டி விசிறி, ஒரு லேசர், ஒளியை வாங்கும் ஒரு டயோடு. காற்று உள்ளே போகும்போது துகள்கள் லேசர் ஒளியைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலிலிருந்து எத்தனை துகள், என்ன அளவு என்று ஊகித்து, ஒரு அடர்த்தியை வைத்துப் பெருக்கி மைக்ரோகிராமாக மாற்றுகிறது. கவனியுங்கள், இது எதையும் எடை போடவில்லை. ஒளியைப் பார்த்து எடையைச் சொல்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015-இல் தொடங்கி இன்று சென்சார்.கம்யூனிட்டி என்ற பெயரில் இயங்கும் மக்கள் வலையமைப்பில் பெரும்பாலும் எஸ்.டி.எஸ். 011 என்ற சென்சார். பர்ப்பிள்ஏர், ஏர்கிரேடியன்ட் போன்ற தயாரிப்புகளில் பிளான்டவர் வகைச் சென்சார்கள். உள்நாட்டிலும் ஏர்வேதா, பிராணா ஏர் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. பாகங்களை வாங்கி நாமே பூட்டினால் சில ஆயிரம் ரூபாயில் முடியும். வெளியில் வைக்கத் தயாராக உறையோடு வருவது இருபதாயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும்.

இதன் முதல் பலம் நேரம். நிமிடத்துக்கு ஓர் எண் தரும். எரிப்பு எப்போது ஆரம்பித்தது, எப்போது அடங்கியது என்பது துல்லியமாகத் தெரியும். இரண்டாவது பலம், நிறைய வைக்கலாம். கிடங்கின் மேற்குப் பக்கம் ஒன்று, தெற்கே ஒன்று, லாரி போகும் சாலையில் ஒன்று என்று வைத்தால், ஒன்று ஏறி மற்றது ஏறாதபோது புகை எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். ஒரு அரசு நிலையத்தால் இதைச் செய்ய முடியாது.

சரி, பலவீனம் என்ன? முதலில் ஈரப்பதம். மார்கழி விடியற்காலையில் காற்றில் ஈரம் 85, 90 சதவீதம் இருக்கும்போது துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். சென்சாருக்குத் தூசியும் தண்ணீரும் ஒன்றுதான், அதனால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கடலோர ஊரில் உப்புத் துகள் வேறு இதைக் கூட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பர்ப்பிள்ஏர் கருவிக்கென்று ஒரு திருத்தம் வைத்திருக்கிறது: சென்சார் காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கியதைக் கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். சென்சார் 60 என்று காட்டுகிறது, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய 30. பாதி! திருத்தாத எண்ணை எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனால், அங்கிருக்கும் பொறியாளர் முதல் கேள்வியிலேயே நம்மை உட்கார வைத்துவிடுவார்.

இந்தச் சூத்திரம் அமெரிக்கக் காற்றுக்காக எழுதப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே உள்ள துகள் வேறு, வெப்பம் வேறு, ஈரம் வேறு. அப்படியே கொடுங்கையூருக்கு எடுத்து வந்தால் இன்னொரு தப்பு சேரும். நமக்கான திருத்தத்தை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த பலவீனம் பருத்த தூசி. இந்தச் சின்னச் சென்சார்கள் ஒரு மைக்ரானுக்குக் கீழே உள்ள புகைத் துகளை நன்றாகவே பார்க்கும். பெரிய துகள்களைப் பெரும்பாலும் கோட்டைவிடும். கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும்போது எழும் மண்தூசி, உடைந்த சாலையில் லாரி கிளப்பும் புழுதி இவற்றின் பெரும்பங்கை இவை காட்டாது. திரையில் பி.எம். 10 என்று ஓர் எண் வரும். அதை நம்ப வேண்டாம். உங்கள் தெருவின் முக்கியப் பிரச்சினை புழுதி என்றால் இந்தக் கருவி உங்களுக்கானது அல்ல என்றே சொல்வேன். புகை என்றால் இதுதான் கருவி.

மூன்றாவது ஆயுள். எஸ்.டி.எஸ். 011 சென்சாரின் லேசருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 8,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் பதினோரு மாதம். விட்டு விட்டு ஓடவைத்து நீட்டலாம். பிளான்டவர் வகை இன்னும் நீண்ட நாள் தாங்கும். ஆனால் நம் ஊரில் லேசர் சாவதற்கு முன் எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறிவிடும். சிலந்தி நூல் ஒன்று ஒளிப்பாதையில் கிடந்தால் போதும், நள்ளிரவில் திடீரென்று ஐந்நூறு, அறுநூறு என்று காட்டும். ஒரே பெட்டியில் இரண்டு சென்சார் உள்ள மாடல்களை நான் விரும்புவது இதற்காகத்தான். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் துள்ளினால் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஒற்றைச் சென்சாரில் அந்த வாய்ப்பு இல்லை.

வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: திருத்தாத, நிமிட வாரியான எண்களை நாங்களே தரவிறக்கிக்கொள்ள முடியுமா? சில நிறுவனங்கள் தங்கள் செயலியில் வண்ணப்படம் மட்டும் காட்டும், பழைய அளவுகளுக்கு ஆண்டுச் சந்தா கேட்கும். சந்தா கட்டாத மாதத்தில் நம் தெருவின் காற்று நம் கையில் இருக்காது. அப்படிப்பட்டதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஃபில்டர். இதைச் சங்கங்கள் நினைத்தே பார்ப்பதில்லை. அது வருத்தம்தான், ஏனென்றால் "காற்றில் என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு மற்ற எந்த வழியும் பதில் சொல்லாது.

ஒரு வெற்று ஃபில்டரைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு நாள் வைத்து, மைக்ரோகிராம் வரை பார்க்கும் தராசில் எடை போடுவார்கள். அதைக் கருவியில் பொருத்தி 24 மணி நேரம் காற்றை இழுப்பார்கள். மறுபடி அதேபோல் வைத்து எடை போடுவார்கள். 24 மணி நேரத்தில் அதன் வழியே போகும் காற்று 24 கனமீட்டர். காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் ஃபில்டரில் சேர்வது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. அவ்வளவு சின்ன எடை என்பதால் கை பட்டாலே கணக்குக் கெட்டுவிடும். எனவே இதை நாம் செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் செய்ய வேண்டும். ஆட்கூலியும் கருவி வாடகையும் சேர்த்து ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். உலோகங்களையும் பார்க்கச் சொன்னால் இன்னும் கூடும்.

ஒரு நாளுக்கு ஒரே எண். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஃபில்டரில் படிந்த கரியைச் சோதனைக்கு அனுப்பினால் பொட்டாசியம் அதிகம் என்றால் விறகு, இலைதழை எரிப்பு. வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வந்தால் உலை எண்ணெய். அலுமினியமும் சிலிக்கனும் என்றால் மண் அல்லது சாம்பல். ஈயமும் துத்தநாகமும் துருத்திக்கொண்டு நின்றால் குப்பை எரிப்பு, உலோகத் தொழில் என்று திசை காட்டும். குளோரின் மட்டும் நம்மிடம் கொஞ்சம் ஏமாற்றும். பிளாஸ்டிக் எரிந்தாலும் வரும், கடற்காற்றிலும் வரும். சோடியத்தோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஆய்வகத்திடம் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் எடையை மட்டும் எழுதி அனுப்புவார்கள்.

கையில் எடுத்துப் போகும் சின்ன மீட்டர் நான்காவது. உள்ளே இருப்பது அதே லேசர் சென்சார்தான். நிரந்தர அளவுக்கு ஆகாது, ஆனால் தேடுவதற்கு மிக நல்லது. புகை வாசனை வரும் இரவில் அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தால் எண் ஏறும் பக்கம் போய் மூலத்தைப் பிடிக்கலாம். வீட்டுக்குள்ளும் ஒருமுறை கொண்டுபோய்ப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள் கொளுத்திய படுக்கையறையில் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு காட்டலாம். கிடங்கை எதிர்த்துப் போராடும்போதே சுருளையும் நிறுத்தலாம், இரண்டும் ஒரே நுரையீரலுக்குத்தான் போகிறது.

செயற்கைக்கோள் கணக்கு ஒரு பேட்டைக்கு உதவாது. அது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தக் காற்றையும் பார்த்துத் தரைமட்டத்தை ஊகிக்கிறது. இரவில் பார்க்காது. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. நகரங்களை ஒப்பிட அது சரி.

நன்கொடையாளர் கிடைத்தால் அரசு நிலையத்தில் உள்ளதைப் போன்ற பீட்டா கருவியையே வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. என் பதில், வேண்டாம். கருவியின் விலை பத்து லட்சத்தைத் தாண்டும். குளிரூட்டிய அறை, தடையில்லா மின்சாரம், நாடா மாற்றுவது, அளவுத்திருத்தம் என்று மாதாமாதம் செலவு. கதிரியக்க மூலம் உள்ள கருவி என்பதால் அதற்கான விதிமுறைகள் வேறு. இவ்வளவும் செய்தாலும் கிடைப்பது ஓர் இடத்தின் எண் மட்டுமே. கொடுங்கையூரில் அந்த எண்ணை அரசே தருகிறது. அதே பணத்தில் பத்துத் தெருக்களில் சென்சார் வைத்து, நாலு பருவத்திலும் ஃபில்டர் எடுக்கலாம்.

ஆக, கொடுங்கையூர்ச் சங்கம் ஒன்று என்னிடம் கேட்டால் நான் சொல்வது: இரட்டைச் சென்சார் உள்ள பெட்டி மூன்று, கை மீட்டர் ஒன்று, பருவத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாதிரி, இவற்றோடு காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் ஒரு சின்ன காற்றுமானி. அரசு நிலையத்தின் மணிக்கணக்கு அளவுதான் எல்லாவற்றுக்கும் உரைகல்.

காற்றுமானியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அரைகுறை. ஆனி, ஆடியில் இங்கே மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று. கோடையில் பகலில் கடற்காற்று. ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து வருவதால் மணலிப் பக்கத்துப் புகை கொடுங்கையூர் மேல் இறங்க வழி உண்டு. அதே எண் 90 என்றால் ஆடியில் அதற்கு ஒரு மூலம், மார்கழியில் இன்னொரு மூலம். திசையைக் குறிக்காமல் கிடங்கின் மேல் மட்டும் பழி போட்டால், அன்று காற்று எதிர்த்திசையில் அடித்தது என்று காட்டி மொத்த அளவையும் செல்லாததாக்கிவிடுவார்கள். பனிக்காலத்து விடியலில் காற்று அசையாமல் தரையோடு படுத்திருப்பதால், புதிதாக எதையும் எரிக்காவிட்டாலும் எண் ஏறும். அதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வாங்கியதும் மூன்று பெட்டிகளையும் தனித்தனியாக மாட்டிவிட வேண்டாம். முதல் வாரம் ஒரே மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க வேண்டும். ஒன்று எப்போதும் பத்து சதவீதம் கூடக் காட்டினால் பரவாயில்லை, குறித்து வைத்துத் திருத்திக்கொள்ளலாம். தன்பாட்டுக்குத் தாறுமாறாகக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, ஒரு பெட்டியை அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்க வாரியத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதற்கு மிக அருகில் உள்ள வீட்டு மாடி ஒன்று போதும். மூன்று, நான்கு வாரம் இரண்டின் மணிக்கணக்கு எண்களையும் எக்ஸெலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஈரப்பதத்தையும் சேர்த்தால் நம் ஊருக்கான திருத்தம் கிடைக்கும். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளை ஒருவர் தெருவில் இருந்தால் ஒரு மாலையில் செய்துவிடுவார். கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சித்திரையில் கண்டுபிடித்த திருத்தம் கார்த்திகை ஈரத்துக்குப் பொருந்தாது.

மாட்டும் இடம் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல், பத்து மீட்டருக்குள். முதல் மாடி சன்ஷேடு ஓரம் சரியாக இருக்கும். சமையலறை எக்ஸாஸ்ட், ஜெனரேட்டர், டீக்கடை அடுப்பு, பரோட்டாக் கல் இவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. நேர் வெயில் படாமல், மழைச்சாரல் அடிக்காமல், ஆனால் காற்று தாராளமாக வந்துபோகும்படி இருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் வைஃபையும் சேர்ந்து போய்விடும் என்பதால், உள்ளே மெமரி கார்டு இருக்கும் மாடல் நல்லது. வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். வாடகை வீட்டில் மாட்டினால், அவர்கள் காலி செய்யும்போது கருவியும் போய்விடும்.

இதை வைத்து என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஓர் ஆலையின் புகைபோக்கியிலிருந்து மாதிரி எடுப்பதற்கு ஒரு முறையை வகுத்திருக்கிறது. வாரியத்தின் அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி எடுக்காதது அந்தப் பிரிவின்படி சாட்சியம் ஆகாது. நம் சென்சாரின் எண் அந்த இடத்தில் நிற்காது. ஆனால் "கடந்த இரண்டு மாதத்தில் சனிக்கிழமை இரவுகளில், தெற்குக் காற்றில், 11 மணிக்கு மேல் மட்டும் இந்த மூன்று பெட்டிகளில் ஒன்று ஏறுகிறது" என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால், எந்த நாள், எந்த நேரம், எங்கே வந்து பார்க்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடுகிறது. பகல் பதினோரு மணிக்கு வந்து "புகை எதுவும் இல்லையே" என்று எழுதிவிட்டுப் போக முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அது பல வழக்குகளில் கூட்டுக் குழுவை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்லியிருக்கிறது. குழு எங்கே, எப்போது வர வேண்டும் என்று காட்டவாவது நம் எண்கள் வேண்டும்.

நம் மாநிலத்தில் இது புதிதும் அல்ல. கடலூர் சிப்காட் பகுதியில் கிராம மக்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, வாளிக்குள் பை வைத்த எளிய கருவியால் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தங்கள் மூக்கு சொன்னதை எண்ணாக்கிக் காட்டினார்கள். அவர்கள் அளந்தது வாயு, நாம் அளப்பது துகள். செய்யும் காரியம் ஒன்றுதான்.

எரிஉலை விஷயத்தில் இன்னும் ஒரு காரணம் சேர்கிறது, எனக்கு அதுதான் முதல் காரணம். உலை வந்தாலும் வராவிட்டாலும், வருவதற்கு முந்தைய ஓராண்டுக் காற்று எப்படி இருந்தது என்ற கணக்கு மக்கள் கையில் இருக்க வேண்டும். உலை ஓட ஆரம்பித்த பிறகு அளக்கத் தொடங்கினால், "இங்கே எப்போதுமே இப்படித்தான்" என்ற ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும். ஓராண்டு என்று நான் அழுத்திச் சொல்வது பருவத்துக்காக. கோடையில் மட்டும் அளந்த எண்ணை அடுத்த ஆண்டு மார்கழியோடு ஒப்பிட முடியாது. போகியன்று டயர் கொளுத்தியது, தீபாவளி இரவு, 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது போன்ற விபத்துகள் இவையெல்லாம் தனியே குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுச் சராசரியை அவை தூக்கிவிட்டன என்று யாரும் வாதாடலாம்.

உலையைப் பொறுத்தவரை ஃபில்டர் மாதிரியை விட்டுவிடவே கூடாது. உலை ஓடிய பின் பி.எம். 2.5-இன் மொத்த எடை கொஞ்சமே ஏறி, உள்ளே உள்ள ஈயமோ காட்மியமோ பல மடங்கு ஏறக்கூடும். லேசர் சென்சாருக்கு எல்லாத் துகளும் ஒன்றுதான். முந்தைய ஃபில்டர் கணக்கு இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். குப்பை எரியும்போது உருவாகும் நச்சான டையாக்சினை இந்த வழி எதுவும் காட்டாது. அதற்குத் தனி ஆய்வகமும் பெரிய செலவும் வேண்டும், அதை உலை நடத்துபவரிடம் கேட்டு வாங்குவதுதான் சரி.

கையில் பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் விடலாம்? கை மீட்டரை விடலாம். மூன்று பெட்டியை இரண்டாக்கலாம். காற்றுமானியை விட வேண்டாம், ஃபில்டரை மூன்று பருவமாகக் குறைத்தாலும் மார்கழி மாதிரியை விட வேண்டாம். பணமே இல்லையென்றால், இன்றிரவிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, நேரம், புகையின் வாசனை, காற்றடிக்கும் திசை, யாருக்கு மூச்சுத் திணறியது என்று எழுத ஆரம்பியுங்கள். மாதக் கடைசியில் அதை அரசு நிலையத்தின் மணிக்கணக்கு எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இரவில் நோட்டு "புகை" என்று சொல்லி நிலையம் ஒன்றும் சொல்லவில்லையோ, அந்த இரவில் காற்று எங்கிருந்து அடித்தது என்று பார்த்தால், முதல் பெட்டியை எந்த வீட்டு மாடியில் மாட்டுவது என்பது தெரிந்துவிடும்.